சிவக்காத ஆலம்

— இன்னும் மஞ்சளாவே கெடக்குதேடி கவிநிலா. நான் இன்னா பண்றது?

— சுண்ணாம்பு கம்மியா போட்டிருப்பம்மா. அண்ணனும் அண்ணியும் வாசல்ல நின்னு அரை மணி நேரம் ஆவுது. எதிர்வீட்டு இராமலிங்கம் மாமா நாற்காலி போட்டு ஒக்காந்து வேடிக்க பாக்குறாரு.

— பாக்கட்டும். ஆலம் செவக்காம வெறும் மஞ்சத்தண்ணில ஆரத்தி சுத்தி யாராவது மருமகள உள்ள கூப்டுவாங்களா?

— அத்தை, நான் வேணும்னா அப்படியே வந்துடட்டுங்களா?

— நில்லும்மா தீக்ஷா, நில்லு. மொத மொத படியேறுற, எல்லாம் மொறையா நடக்கணும். ஆதவா, அவ கையப் புடிச்சு நிறுத்துடா. தோ வந்துட்டேன்.

— அம்மா, நீ அடுப்பங்கரைக்கு வா. உண்மையச் சொல்லு. அண்ணன் சொல்லாம கொள்ளாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கோவம் உனக்கு. ஆலத்து மேல பழியப் போட்டுத் திருப்பி அனுப்பப் பாக்குற.

— நல்லா இருக்குதுடி யம்மா. பத்து மாசம் சொமந்தவ கோவப்படக்கூடவா கூடாது?

— இப்ப திரும்பிப் போனான்னா இந்த வாசப்படிய ஜென்மத்துக்கும் மிதிக்க மாட்டான். சொன்னா செய்றவன் அவன். அண்ணி வேற ஜெயின் வீட்டுப் பொண்ணு, பொழுது சாஞ்சா பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. ராத்திரி பூரா பட்டினி கெடக்கணுமா?

— தெரியும்டி. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? செவக்கலியே.

— நான் எதுக்கு கெமிஸ்ட்ரி படிக்கிறேன்? லாஜிக்கா பாக்கலாம். சுண்ணாம்பு காத்து பட்டு காஞ்சிருந்தா வேலை செய்யாது.

— காலைல வாங்குனது. வெண்ணெயாட்டம் இருக்குது.

— அப்ப மஞ்சள்ல கலப்படம். இரு, உள்ளங்கைல ரெண்டையும் கொழைக்கிறேன். பாரும்மா, செவந்துடுச்சு. ரெண்டும் நல்லாத்தான் இருக்குது.

— தட்டு ராசி இல்லியோ இன்னாவோ.

— தட்டுக்கு ஏதும்மா ராசி? சோப்புத்தண்ணி பட்டாலும் மஞ்சள் செவக்கும். தட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாக்குறேன்.

— மருமகள வரவேக்கிறோமா, துணி அலசுறோமா?

— அதுக்கும் அசையலியே. லாஜிக்கா பாத்தா, தண்ணில புளிப்பு எதாவது இருந்தாத்தான் இப்படி அடம் புடிக்கும்.

— ஏய், மோந்து பாக்காதடி. குடு அத இங்க.

— எலுமிச்சம்பழம். அம்மா, யாரும்மா புழிஞ்சது?

— நாந்தான். ஒரு முழுப்பழம். பத்தாவது படிக்கிறப்ப நீதான செஞ்சு காட்டுன, எலுமிச்சம்பழம் விட்டா மஞ்சள் செவக்காதுன்னு?

— படிச்சதச் சொல்லிக் குடுத்தா இதுக்கா பயன்படுத்துவ? வெக்கமா இல்ல?

— அத்தை, அவரு வண்டியத் திருப்பிட்டாருங்க. நான் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேன்றாரு. எனக்கு உங்க மேல கோவம் இல்ல அத்தை. பயமாத்தான் இருக்குது.

— கேட்டியா? அழுவுறாங்கம்மா. நீ சுத்தவே வேணாம். நானே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வரேன்.

— கவிநிலா, ஒரே நிமிஷம். கடியாரத்தப் பாரு. மணி இன்னா?

— ஆறு. ஆறடிச்சு ஒரு நிமிஷம் ஆயிடுச்சு. இப்ப எதுக்கு அது?

— அப்பாடா. அரிசிப்பான பின்னால இன்னொரு தட்டுல செக்கச்செவேல்னு கரைச்சு மூடி வெச்சிருக்கேன், எடுத்துக்கிட்டு ஓடியா. ஞாயித்துக்கெழம நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம்டி. அதச் சொல்லியிருந்தா உங்கண்ணன் மூடநம்பிக்கைன்னு கத்திட்டு அப்பவே வண்டியத் திருப்பியிருப்பான். சொல்லாம உள்ள விட்டிருந்தா, அந்தப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட நாந்தான் காரணம்னு ஆயுசுக்கும் என் மனசு அடிச்சிக்கிட்டே கெடக்கும்.