மஞ்சத்துணியில முடிஞ்ச பன்னெண்டு வார்த்தை

...பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆவாது அண்ணாச்சி! ஏரல்ல மாமனார் வீட்டு வாசல்ல நான் நிக்கேன், கட்டுன புருசன். “வா முருகேஸ்வரி, தூத்துக்குடிக்குப் போவோம்”ங்கேன். அவ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, “உண்மையச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க”ங்கா. என்னத்த உண்மை? எல்லாம் இந்தக் காசால வந்த வினை. சட்டப்பை காசு இல்ல... செல்லுக்குள்ள இருக்குற காசு. டிஜிட்டல் காயின்!

தள்ளி உக்காராதீங்க, பஸ்ஸுல அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்.

நான் ஹார்பர் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். ஜெயகணேஷ்னு ஒரு கிளியரிங் ஏஜெண்டு வருவான். அவன்தான் சொன்னான்: “அண்ணாச்சி, இது தர்மமான காசு. எந்தக் கவர்மெண்டும் செல்லாதுன்னு சொல்ல முடியாது. யார் யாருக்கு அனுப்புனாலும் எழுதுனது எழுதுனதுதான், ஒரு வரிய அழிக்க முடியாது. பொய்யே சொல்லாது. எவனையும் நம்ப வேண்டாம்.” எனக்குப் புல்லரிச்சிப் போச்சு! லாரிக்காரன நம்பி, பார்ட்டிய நம்பி சீரழிஞ்சவன்லா நான்... அவ அஞ்சு பவுன் செயின வித்து அதுல போட்டேன். அவளும் மனசாரத்தான் கழட்டிக் குடுத்தா, அதச் சொல்லணும்.

அதுக்குச் சாவி பன்னெண்டு இங்கிலீசு வார்த்தை. தொலைச்சா போச்சு, மனு குடுக்கக்கூட ஆபீஸ் கெடையாது. செல்லுல வைக்கக்கூடாதாம். நான் தாள்ல எழுதி, நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சேன். அங்கன ஏற்கெனவே ஒரு முடிச்சு கெடந்துச்சு. எனக்குக் காய்ச்சல் கண்டப்ப அவ நேந்து முடிஞ்ச பதினோரு ரூவா. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் உண்டியல்ல போட.

உத்திரம் முடிஞ்சு வந்து பாக்கேன்... பதினோரு ரூவா முடிச்சு அங்கனயே கெடக்கு, சாவி உண்டியலுக்குப் போயிட்டு! “ஏளா, கண்ண எங்க வச்சிருந்த”ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, தெருவே எட்டிப் பாத்துச்சு. அன்னைக்குப் போனவதான்.

தர்மகர்த்தாகிட்ட ஓடுனேன். “காச எண்ணியாச்சு, துணி தாளெல்லாம் எரிச்சாச்சு, உண்டியல்ல விழுந்தது திரும்பாதுய்யா”ன்னுட்டாரு. ஜெயகணேஷ் சொன்ன அதே தர்மம்! இப்ப காசு செல்லுல தெரியுது, தெனமும் ஏறுது. கும்பிட்டுக்கிடலாம், தொட முடியாது.

என்ன கேட்டிய? போட்டது யாருன்னா?

...அவ பொங்கப்பானையோட முன்னாலயே ஆட்டோல ஏறிட்டா. “முடிச்ச மறக்காம எடுத்துட்டு வாங்க”ன்னா. எடுத்தேன். நாந்தான் எடுத்தேன், நாந்தான் போட்டேன். வீட்டுக்கு வந்து பயத்துல, “நீதான எடுத்துக் குடுத்த”ன்னு அவ தலையில போட்டுட்டேன்.

இந்தா பாருங்க, சட்டப்பையில. அந்தப் பதினோரு ரூவா, முடிச்சு அவுக்காம இருக்கு. இத அவ கையில குடுக்கத்தான் இன்னைக்குப் போனேன். வாயில வரல அண்ணாச்சி. முன்னப்பின்ன தெரியாத ஒங்ககிட்ட வருது!

எந்திரிக்கியளா? முத்தையாபுரம்தான வந்திருக்கு? ஸ்டாண்டு வரைக்கும்லா டிக்கெட் எடுத்தீங்க!

கண்டக்டர் சார், நிப்பாட்டுங்க, நானும் எறங்குதேன். ஏ அண்ணாச்சி, ஓடாதீங்க, ஒங்க பின்னால வரல. எதுத்தாப்புல ஏரல் பஸ் வருது.