பொடவைக்குள்ள பாட்டில்

அண்ணனூரில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த ஓர் அம்மா, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்: "சாராயம் கடத்துறேன்னு போலீஸ்காரன் என்னைப் புடிச்சிட்டான்டி."

"உன்னையா?"

"மாரு ஆபரேஷன் பண்ண எடத்துலேருந்து டியூப்பு வருதில்ல? அதுல வர்ற ரத்தத்தண்ணி வடியறதுக்கு ஒரு பாட்டில் குடுத்துகீறாங்க. அத்த கையில புடிச்சிகினே சோறாக்க முடியுமா? பையில போட்டு, பொடவைக்குள்ள இடுப்புல கட்டிகினேன். டியூப்பப் பாத்துட்டு, 'எடு வெளிய'ன்னான். எடுத்துக் காட்டினேன்."

"அப்பால?"

"மயக்கம் போட்டுட்டான். நான்தான் தண்ணி தெளிச்சேன்."

"பை நல்லா கீதே. யாரு தெச்சது?"

"எங்க ஊட்டுக்காரருதான். அந்தக் காலத்துல சாராயம் கடத்தசொல்லோ அவுரு கட்டிகினு போன பை. அந்தாளு ஒரு நாளும் மாட்டல. நான் மொத நாளே மாட்டிகினேன்."