நெற்றியில் எழுதிய நேரம்

பதினோரு மணி நேரம், நாற்பது நிமிடம். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதிலிருந்து படாளம் ஏரிக்கரையில் மண் தள்ளும்வரை, பார்வதத்துக்கு அவள் புருஷன் கிடைத்தது அவ்வளவு நேரம்தான். அதுவும் மூடிய பெட்டியாக.

விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் ரோகிணியின் பெரியம்மாவுக்கு நடந்தது. ரோகிணி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். பொய்யென்றால் அவளே சொல்லட்டும்.

பார்வதத்தின் புருஷன் சடையப்பன் பட்டாளத்தில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்கிறவன். லீவில் வந்தால், காயத்துக்குப் போடும் டிங்சர் மருந்தின் வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். ஒருமுறை, ரத்தம் நிற்காவிட்டால் எப்படி இறுக்குவது என்று பார்வதத்தின் கையிலேயே கட்டிக் காட்டினான். கட்டிய நேரத்தை அடிபட்டவன் நெற்றியில் எழுத வேண்டுமாம். அடுத்துப் பார்க்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டுமே. ஆங்கில ‘டி’, பக்கத்தில் மணி. அவள் நெற்றியிலும் நீலப் பேனாவால் எழுதினான். இரண்டு என்ற எண்ணைப் போட்டால் அதன் கீழே ஒரு சுழி வைப்பது அவன் வழக்கம். அவள் அதை மறந்து ரேஷன் கடைக்குப் போய்விட்டாள்.

“இன்னாமே, உன் புருஷன் உன்மேல வெல எழுதி ஒட்டிட்டானா?” என்றான் கடைக்காரன். வரிசை முழுக்கச் சிரித்தது.

தொண்ணூற்றொன்பது ஆடியில் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார் கூட வந்த ஹவில்தார். கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டாமல் மண்ணில் வைக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. கடைசியில், ஒரே ஆள், ஐந்து நிமிடம் என்று இறங்கி வந்தார். பார்வதம் புது வேட்டியில் கிழித்த துணியைக் கொழுந்தன் லட்சுமணனிடம் கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் வெளியே வந்தான்.

“கட்டினியாடா?”

“கட்டிட்டேன் அண்ணி.”

“எப்டி கீறாரு?”

“தூங்குறாப்பல.”

அந்த ஒரு சொல்லோடு நாலு வருஷம். புருஷன் எப்படிச் செத்தான் என்று பட்டாள ஆபீசுக்கு ஒன்பது கடிதம் போட்டாள். ஒன்பதுக்கும் ஒரே வரி... ‘பணியின்போது வீரமரணம்.’ நேரில் போனால் இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல். இன்று இல்லை, திங்கட்கிழமை. லட்சுமணனைக் கேட்டால் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துபோவான். “தூங்குறவர எனக்கு ஏன்டா காட்டல?” என்று ஒருநாள் தட்டையே எறிந்தாள். அவன் குனிந்து, சிதறிய சோற்றை அள்ளினான். புருஷன் கனவிலாவது வருவான் என்று பார்த்தாள். அதுவும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி. ராத்திரி ஒரு மணி. லட்சுமணன் கருங்குழியில் ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. தூறல். பின்னால் ஒரு லாரி... ஈரத் துணியை உதறினாற்போல் ஒரு சத்தம். லாரி நிற்கவில்லை.

மூன்றரைக்குத்தான் பால் வண்டிக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள்.

பார்வதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. “தொடைல யாருமா கட்டினது? அது இல்லன்னா ஆளே இல்ல” என்றார் டாக்டர். பால் வண்டிக்காரர்கள், தாங்கள் இல்லை என்றார்கள். அவனுடைய துண்டுதான். முறுக்கி, குச்சி செருகி இறுக்கியிருந்ததாம். அவிழ்த்துப் போட்டிருந்ததை எடுத்துப் பார்த்தாள். இரண்டு முனையிலும் பல் பதிந்திருந்தது. வலியில் கடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் அவன் நெற்றியைப் பார்த்தாள்.

டி. 1.20.

நீல மை. இரண்டு மணி நேரம் மழையில் கிடந்தவன்... மை கலையவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் இரண்டின் கீழே சுழி. வார்டு முழுக்க ஃபினைல் நாற்றம். அவன் தலைமாட்டில் மட்டும் டிங்சர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நாலு வருஷமாகக் கதவைத் தாழ் போடாமல் படுத்தவள் அவள். வந்தது இவனிடமா?

“இன்னா சொன்னாரு? சொல்லித் தொலைடா. என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டாரா?”

“ஒண்ணும் பேசல அண்ணி. குனிஞ்சாரு. துண்டப் பல்லால இழுத்துக் கட்டினாரு. பேனாவ வாயில கவ்விகினு எழுதினாரு... மூஞ்சிக்கு மூஞ்சி. மூச்சே படல.”

“வாயாலயா? ஏன்டா வாயால?”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாட்டிலில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், நகரவில்லை.

“நீங்க குட்த்த துணி இன்னும் என் பொட்டிலதான் கீது அண்ணி. நான் கட்டவேயில்ல” என்றான். “அண்ணனுக்கு... ரெண்டு கையும் இல்ல.”