மாடசாமி பீடத்தில் நிற்கும் கார்

மாலை ஏழு மணி இருக்கும். அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் போகிற ரோடு... இரண்டு பக்கமும் வயல். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. தவளைச் சத்தம் மட்டும்.

கரண்ட் வர நேரமாகும், கொஞ்சம் நெருங்கியே உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கும் சிவசைலத்தின் அத்தானுக்கு நடந்தது. பெயர் கணேஷ்ராம். சரியான கார்ப் பைத்தியம். பெண்டாட்டி, ஒன்பது வயதில் கோமு என்று ஒரு பெண். அந்தப் பிள்ளைக்கு அடுத்தபடி அவனுக்குக் கார்தான்.

பிரேக்கில் காலிப்பர் என்று ஒன்று உண்டு. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடை. ரேஸ் கார்களில் இருப்பது போலப் பெரிதாக வேண்டும் என்று இவனுக்கு ஆசை. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய வண்டிகளில் கழற்றியதைக் கழுவி, புது சீல் போட்டு, செக்கச்செவேலென்று பெயிண்ட் அடித்து விற்கிறார்கள் இல்லையா... அதில் ஒரு செட் வரவழைத்தான். பதிலுக்கு நம் பழையதை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டான்.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் ஞானசிகாமணி மட்டும் கேட்டாராம்.

"இது எந்த வண்டியில கெடந்ததுன்னு கேட்டீரா வே?"

"இரும்புக்கு என்ன அண்ணாச்சி, ஜாதகமா பாக்க முடியும்?" என்று சிரித்திருக்கிறான். படித்தவன் அல்லவா, சிரிக்கத்தான் செய்வான்.

அன்றைக்குத்தான் அந்த ரோட்டில் வருகிறான். வழியில் ஒரு மாடசாமி பீடம் இருக்கிறது. நம் பக்கத்து டிரைவர்கள் சாமிக்கு ஒரு ஹாரன் அடிக்காமல் அதைத் தாண்டமாட்டார்கள். கும்பிடு போடுகிற மாதிரிதான். இவனும் அடித்தான்.

கிறீச்... முன்சக்கரம் இரண்டும் இறுகிவிட்டன.

அவன் கால் பிரேக்கிலேயே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி முக்கியது, நகரவில்லை. பிரேக் பேடு கருகுகிற வாசனை. அதற்கு உள்ளேயே இன்னொரு வாசனை... மென்று துப்பிய வெற்றிலை. ஒரு ஆள் பைய ரோட்டைக் கடக்கிற நேரம் அப்படியே நின்றது. அப்புறம் 'ட்டக்'. தானாகவே விட்டுவிட்டது.

மறுநாள் ஞானசிகாமணி கழற்றிப் பார்த்தார். "பிஸ்டன் வெண்ணெய் கணக்கா போகுதுவே. ஒரு குத்தமும் இல்ல" என்றார். சாயங்காலம் அதே பீடம். ஹாரன். கிறீச்.

பீடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வந்தார். சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"போன வருசம் இங்கன ரோட்டக் கடந்த ஒரு ஆச்சிய கார்க்காரன் அடிச்சுக் கொன்னுட்டான் தம்பி. அந்தக் காருலயும் வீலுக்குள்ள இப்படித்தான் செவப்பா தெரிஞ்சுது. அவன் ஆரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தான்... அவ திரும்பியே பாக்கல."

கணேஷ்ராம் அன்றைக்கே அதைக் கழற்றிவிடப் பார்த்தான். பழைய காலிப்பரையே மாட்டலாம் என்றால் அது போயே போய்விட்டது. புதிதாக ஒரு செட்டுக்குச் சொல்லிவிட்டுக் காரை ஓரங்கட்டினான். அது வருவதற்குள்தான்... ஒரு விடியற்காலையில் கோமுவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. எப்போதும் வருகிற இழுப்பு இல்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நெபுலைசர் வைத்தும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். வேறு வழி? பிள்ளையைப் பின்சீட்டில் அம்மா மடியில் கிடத்திக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

இந்தத் தடவை அவன் ஹாரனைத் தொடவே இல்லை. பீடம் வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறான். தாண்டப் போகிற நேரம்...

எதிரே வந்த பால் வேன்காரன் சாமிக்கு ஒரு ஹாரன் அடித்தான்.

கிறீச்.

வேன் போய்விட்டது. கார் நிற்கிறது. எவ்வளவு மிதித்தும் நகரவில்லை. பின்னால் பிள்ளையின் நெஞ்சு 'கீ... கீ...' என்று இழுக்கிறது. "ஏங்க, எடுங்களேன், பிள்ள கண்ணு சொருகுதே!" என்று அவள் கதறுகிறாள். இவன் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, "தாயே, கடந்து போயிரு, எம்பிள்ளய விட்டுரு" என்று கும்பிடுகிறான். ஒரு தகப்பன் வேறு என்ன செய்ய முடியும்?

கோமு மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"எப்பா... ஒரு ஆச்சி நடு ரோட்டுல நிக்கா."

ரோட்டில் யாரும் இல்லை.

"போகுதாளா தாயி?"

"இல்லப்பா... நம்மகிட்ட வாரா."

பிள்ளையின் பார்வை பைய நகர்ந்தது. முன்கண்ணாடி... பக்கவாட்டுக் கண்ணாடி... பின்கதவு. அங்கே நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. ஆனால் கார் முழுக்க வெற்றிலை வாசனை.

'ட்டக்'.

வண்டி நகர்ந்தது. அந்த நொடியே இழுப்பும் நின்றது. பிள்ளை சீராக மூச்சு விட்டுத் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே, எதற்கு இப்படிப் பதறுகிறீர்கள் என்று கேட்டாராம். புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

புது காலிப்பர் வந்தது. சிவப்பைக் கழற்றி உடைத்துப் போட்டார்கள். கார் இப்போது எங்கேயும் நிற்பதில்லை.

போன மாதம் கோமுவின் அம்மா அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருக்கிறாள். திருநெல்வேலி பஸ் ஒன்று ஹாரனை அமுக்கியபடி வந்திருக்கிறது. பிள்ளை கையை உதறிவிட்டு, பைய நடந்து ரோட்டில் இறங்கிவிட்டாள். திரும்பியே பார்க்கவில்லை. அம்மா பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான்.

"ஏட்டி, ஆரன் அடிக்கது காதுல விழலியா?"

கோமு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாளாம், ஒரு ஆச்சி சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"விழாம என்ன மக்களே... அது சாமிக்குல்லா அடிக்கான்."