வெய்டர்ட் வீட்டு நிலவறை

கல்வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசவே கூடாது, சுண்ணாம்புதான். எங்கள் அயோவா விவசாயிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

மாவட்டத்தின் பழைய வீடுகளைக் கணக்கெடுப்பது என் வேலை. லக்சம்பர்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1852-ல் கட்டியவற்றில் மிஞ்சி நின்றது மத்தியாஸ் வெய்டர்ட்டின் வீடு ஒன்றுதான். எண்பத்தொரு வயது, தனி ஆள். முட்டிவலியால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று, அதை இடித்துவிட்டு ஒரு தகர வீட்டைக் கொண்டுவந்து இறக்க முடிவு செய்திருந்தார்.

"செத்தவன் கட்டின சுவருக்கு இப்படி உருகுறியே, உசுரோட இருக்கிறவன் முட்டிய யாரு பாக்குறது?" என்று என்னைக் கேலி செய்வார். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

திங்கட்கிழமை இடிக்க வருவதாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று போனேன். நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது.

"நல்லவேளை நீ வந்த, கோரா. ஆம்புலன்ஸக் கூப்பிடும்மா."

கூப்பிடுகிறேன் என்றேன். அந்த நிலவறைக்குள் அவர் என்னை ஒருநாளும் விட்டதில்லை. உத்தரங்கள் கோடாரியால் செதுக்கிய ஓக் மரம், ஒரு விரிசல் கிடையாது. அளந்தேன், படம் எடுத்தேன். நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படத்தின் ஓரத்தில் தெரிவது அவருடைய செருப்புதான், ஷெரிஃப். கிளம்பும்போது, அவர் கைக்கு எட்டாமல் கிடந்த கைபேசியை எடுத்து மேலே சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மறுபடி போனேன். பேச்சு குழறியது. ஏன் இன்னும் யாரும் வரவில்லை என்று கேட்டார். பாதையெல்லாம் பனி, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

"நீ நல்லா இருக்கணும்," என்றார்.

தண்ணீர் கேட்டார். கொடுத்தால் இன்னும் இழுத்துக்கொண்டு கிடப்பார் என்று கொடுக்கவில்லை. வடக்குச் சுவர் பாக்கியிருந்தது, அதையும் அளந்து முடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து போனபோது மூச்சு இல்லை. மறுநாள் இடிக்க வந்தவர்கள் பார்த்து உங்களுக்குச் சொன்னார்கள். வீடு சிகாகோவில் இருக்கும் அவருடைய அண்ணன் மகளுக்குப் போயிற்று. அவள் அதை, பழைய வீடுகளைக் காக்கும் எங்கள் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் அவரைச் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்த மூன்று நாளும் அந்த மனிதரை எட்டிப் பார்த்தது நான் ஒருத்திதான்.