சுண்ணாம்பு பட்டுக் கறுத்த நெற்றி

சீசனுக்குக் குற்றாலம் வாரவங்க திரும்பிப் போகும்போது ரெண்டு சாமான் வாங்காமப் போகமாட்டாங்க, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒண்ணு மங்குஸ்தான் பழம். இன்னொண்ணு தென்காசியில என் கடை முகப்பூச்சு. உங்க வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கும். பயப்படாதீங்க, சோதிக்காத சரக்கை நான் கடையில வச்சதே கிடையாது.

மத்தவன் இன்னைக்குக் கிண்டி நாளைக்கு விக்குதான். தேச்சவ முகம் வெந்துபோனா அவனுக்கென்ன? நம்பிராஜன் சரக்குன்னா செங்கோட்டை தாண்டித் திருவாங்கூர் வரைக்கும் பேரு. அந்தப் பேரு சும்மா வரல.

பூரம் சேத்தா முகம் வெளுக்கும். பாதரசத்துல எடுக்குத வெள்ளைப் பொடி அது, நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும். கூடிப்போனா விஷம்னு எல்லாருக்கும் தெரியும். எது வரைக்கும் தாங்கும்னுதான் யாருக்கும் தெரியாது. ஊரான் வீட்டுப் பொண்ணு முகத்துல தேச்சுப் பாக்க எனக்கு மனசு வரல. அதனால என் பெஞ்சாதி வள்ளித்தாய்க்குக் கொடுத்தேன்.

அவ நல்ல கறுப்பு. எங்க அம்மா அதைச் சொல்லியே அவளைக் கரிச்சுக் கொட்டுவா. முகம் வெளுக்க ஆரம்பிச்சதும் அவளுக்குத் தலைகால் புரியல. கண்ணாடி முன்னால இருந்து எழுந்திரிக்கவே மாட்டா. ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் பூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஈறுல ரத்தம் வந்துது. கை நடுங்குச்சு. அவ சோறு போட்டா வளையல் கிணுகிணுன்னு கேக்கும். ஒரு நாள் தலைவலி தாங்காமப் படுத்துட்டா. அவ தங்கச்சி மாடத்தி வந்து, நாம எல்லாரும் செய்யுத மாதிரி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு நெத்தியில பத்துப் போட்டா. செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய பத்து கரி பூசுன மாதிரி கறுத்துப்போச்சு.

"இது என்ன அத்தான், இப்படி இருக்கு?"ன்னா மாடத்தி.

"பூச்சு மேல சுண்ணாம்பு போடலாமாட்டி? கழுவி விடு"ன்னேன்.

பூரத்துல சுண்ணாம்பு பட்டா கறுக்கும், ஐயா. அவ்வளவு பூரம் அந்தத் தோல்ல ஊறிக் கிடந்துருக்கு. அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு. அடுத்த தடவை டப்பாவுக்குச் சீட்டு அடிக்கும்போது 'சுண்ணாம்பு படக்கூடாது'ன்னு ஒரு வரி சேத்துக்கிட்டேன்.

வள்ளித்தாய் பயந்துட்டா. "எனக்கு வேண்டாம்ங்க, நான் கறுப்பாவே இருந்துக்கிடுதேன்"னு அழுதா. ஆனா பாதியில நிறுத்துனா எல்லை எதுன்னு எப்படித் தெரியும்? சமாதானம் சொல்லி, நானே என் கையால தேச்சு விட்டேன். ஆடி பிறந்ததும் நீர் பிரியாம, உடம்பு வீங்கிச் செத்துப்போனா. துட்டி கேக்க வந்த பொம்பளைங்க, மகராசிக்கு என்ன நெறம்னு சொல்லிச் சொல்லித்தான் அழுதாங்க. முகத்துல ஒரு கொப்புளம் கிடையாது.

அதுக்கப்புறம் பூச்சுக் கிண்டும்போதெல்லாம் வளையல் சத்தம். கரண்டி சட்டியில படுததுதான்னு கையை நிறுத்திப் பாப்பேன். சத்தம் நிக்காது. சாரல் அடிக்குத நாள்ல ஓட்டு மேலயும் அதே கிணுகிணுப்பு. தனியா இருக்க முடியல, ஐயா. துணைக்குன்னுதான் மாடத்தியைக் கட்டுனேன். அக்கா போனா தங்கச்சியைக் கட்டுதது எங்கள்ல உள்ள வழக்கம்தானே. அவளுக்கும் தினம் நானே தேச்சு விட்டேன்.

அவ அந்தக் கறுத்த நெத்தியை மறக்கல. நேத்து டப்பாவையும் வெத்தலைச் சுண்ணாம்பையும் கொண்டாந்து, உங்க மேசையிலயே குழைச்சுக் காட்டிட்டா. கறுத்ததை நீங்களும் பாத்தீங்க.

ஒத்துக்கிடுதேன். வள்ளித்தாயைக் கொன்னது நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன். ஆனா மாடத்திக்கு நான் ஒரு கெடுதலும் செய்யல, அதை எழுதிக்கிடுங்க. அக்காளுக்குக் கொடுத்ததுல பாதிதான் அவளுக்கு. அந்த அளவு யாரையும் ஒண்ணும் செய்யாது. நேத்து சுண்ணாம்பைக் குழைக்கும்போது அவ வளையலும் கிணுகிணுன்னு கேட்டுது. அது போலீஸைக் கண்ட பயத்துல இருக்கும், ஐயா.