கூரைக்குக் கீழே இருக்கிற அறைக்கு என்ன பேர்?

விர்த்தூதெஸ்: ...பல்லைப் பிடுங்க வந்த ஆளைப் பாக்கற மாதிரி ஏண்டி முறைக்கிற? ரெமேதியோஸ், இவர் சாமானுங்க பேரை மட்டும்தான் கேப்பார். என் வீட்டுல ஒன்றரை மணி நேரம் இருந்தார். கோழி அடைகாக்கற கூடைக்கு என்ன பேரு, கழுதை முதுகுல போடறதுக்கு என்ன பேரு... நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டார். என் வாயில வந்ததை ஒருத்தர் எழுதி வெச்சது இதுதான் முதல் தடவை!

ரெமேதியோஸ்: எனக்கு வேலை கெடக்கு விர்த்தூதெஸ். அடுப்புல கொண்டைக்கடலை வேகுது.

தாவிலா: வேகட்டும்மா. வேலையைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுங்க. என் பேர் தாவிலா. செவில்யாவுல ஒரு கல்லூரியிலேருந்து வர்றேன். ஜனங்க வீட்டுல பேசற வார்த்தைகளை ஊர் ஊராப் போய்ச் சேக்கறோம்.

ரெமேதியோஸ்: எதுக்கு?

தாவிலா: புத்தகமாப் போட.

ரெமேதியோஸ்: எங்க பேச்சைப் புத்தகமாப் போட்டு யார் படிக்கப்போறா? எங்களுக்கே படிக்கத் தெரியாது.

விர்த்தூதெஸ்: நானும் அதையேதான் கேட்டேன்! ஐயா, இவ எப்பவும் இப்படித்தான். பொண்ணு கேட்டு வந்த ரெண்டு பேரையும் வாசல்லயே திருப்பி அனுப்பினவ. அப்பன் செத்து ஒன்பது வருஷமா இந்த மலையில தனிக்கட்டை. பேச ஆள் இல்லாம நாள் பூரா பாடிக்கிட்டே கெடப்பா. குரல்னு நெனச்சுடாதீங்க... துருப்பிடிச்ச கீல் அழற மாதிரி.

ரெமேதியோஸ்: உன் பன்னி கத்தறதை நான் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கேனா?

விர்த்தூதெஸ்: ஐயோ, அதுக்குத் தீனி வைக்கலை! வர்றேங்க ஐயா. மேயர் கையெழுத்துப் போட்ட கடுதாசி இவர்கிட்ட இருக்குடி, விரட்டிடாத.

ரெமேதியோஸ்: ...மேயர் கையெழுத்தா?

தாவிலா: வழக்கமான கடுதாசிதான். உக்காரலாமா?

ரெமேதியோஸ்: அந்த நாற்காலி வேணாம். கால் ஆடும். இதுல உக்காருங்க, கதவுப் பக்கமா.

தாவிலா: வெளிய போறதுக்கு வசதியாவா?

ரெமேதியோஸ்: வெளிச்சத்துக்கு. எழுதணுமே நீங்க.

தாவிலா: சரி... சுலபமா ஆரம்பிப்போம். விடியற்காலையில புல்லு மேல ஈரம் நிக்குமே, அதை என்ன சொல்வீங்க?

ரெமேதியோஸ்: பிளாந்தூரா.

தாவிலா: பிளாந்தூராவா?

ரெமேதியோஸ்: ஏன், தப்பா?

தாவிலா: வார்த்தையில தப்பே கிடையாதும்மா. விர்த்தூதெஸ் வேற சொன்னாங்க, அதான். ரொசீயோன்னாங்க. இந்த மலையில பாத்த வீடு அத்தனையிலும் ரொசீயோதான்.

ரெமேதியோஸ்: அவ சொல்றதெல்லாம் வேதமா?

தாவிலா: பிளாந்தூரா கீழ்நாட்டு வார்த்தை. உப்பளத்துப் பக்கம், சதுப்பு நிலத்துல சொல்றது. நீங்க கீழ போயிருக்கீங்களா?

ரெமேதியோஸ்: இந்த மலையை விட்டு நான் இறங்கினதே இல்ல.

தாவிலா: அப்போ அது எப்படி ஏறி வந்தது?

ரெமேதியோஸ்: உப்பு விக்க வர்றவன் எவனாவது சொல்லியிருப்பான். பேர்தானே கேக்க வந்தீங்க? அது எந்த வழியா வந்துச்சுன்னும் எழுதணுமா?

தாவிலா: கோபப்படாதீங்க. அடுத்தது... சுவத்துல தொங்குதே, சவரக்கத்தி தீட்டற தோல். அதுக்கு என்ன பேர்?

ரெமேதியோஸ்: அது அப்பாவோடது.

தாவிலா: பேர் கேட்டேன்.

ரெமேதியோஸ்: தோல். தோலுக்குத் தோல்னுதான் பேரு.

தாவிலா: நல்லாப் பராமரிக்கறீங்க. ஒன்பது வருஷத்துக்கு அப்புறமும் எண்ணெய் காயாம இருக்கு.

ரெமேதியோஸ்: ...நான் கறிக்கத்தி தீட்டுவேன் அதுல. பொம்பளை கத்தி தீட்டக்கூடாதுன்னு மேயர் சொல்லியிருக்காரா?

தாவிலா: இல்லம்மா. இல்ல... கல்யாணமே ஆகாம வயசு ஏறிட்ட பொண்ணை இந்த ஊர்ல என்னன்னு சொல்வாங்க?

ரெமேதியோஸ்: அதை என்கிட்டயே கேக்கறீங்களே...

தாவிலா: பட்டியல்ல இருக்கு. மன்னிச்சுக்குங்க.

ரெமேதியோஸ்: விர்த்தூதெஸ்கிட்ட கேளுங்க, எனக்கு வெச்ச பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவா. என் வாயால சொல்லக் களைப்பா இருக்கு.

தாவிலா: களைப்பாவா? தண்ணி குடிங்க. கொஞ்ச நேரம் கழிச்சு...

ரெமேதியோஸ்: உடம்புக் களைப்பு இல்லைங்க. கூச்சமா இருக்குன்னு சொன்னேன்.

தாவிலா: கூச்சத்துக்குக் களைப்புன்னு சொல்வீங்களா? கீழ்நாட்டுல சொல்வாங்க. இங்க நான் கேட்டதே இல்ல.

ரெமேதியோஸ்: நீங்க யாருங்க?

தாவிலா: சொன்னேனே. தாவிலா.

ரெமேதியோஸ்: பேர் கேட்கலை. வார்த்தை பொறுக்க வர்றவன் கண்ணு சுவத்தை ஏன் மேயுது? தட்டை எண்ணுது, தோலை எண்ணுது...

தாவிலா: எண்ணலை. ஆனா, தட்டு ரெண்டு இருக்கு.

ரெமேதியோஸ்: ஒண்ணு பூனைக்கு!

தாவிலா: சரி, பூனைக்கு. இன்னும் ஒரே ஒரு கேள்வி, எழுந்து போயிடறேன். கூரைக்குக் கீழ இருக்கற அறை. தானியம் கொட்டி வைக்க, பன்னித் தொடை தொங்கவிட. அதுக்கு என்ன பேர்?

ரெமேதியோஸ்: சொபெ... தொப்லாவ்.

தாவிலா: முதல்ல வேற என்னமோ வந்துச்சே?

ரெமேதியோஸ்: தொண்டையில சளி. தொப்லாவ்னுதான் சொன்னேன். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எழுதிக்குங்க. தொப்லாவ்.

தாவிலா: சொபெராவ்னு ஆரம்பிச்சீங்க.

ரெமேதியோஸ்: இல்ல.

தாவிலா: அதுவும் கீழ்நாட்டு... என்ன சத்தம் அது?

ரெமேதியோஸ்: எது?

தாவிலா: மேல. ஏதோ இழுபட்ட மாதிரி.

ரெமேதியோஸ்: பூனை. "ஆத்தோரம் ஆடு மேய... ஆலிவ் மரம் சாய..."

தாவிலா: ஏம்மா திடீர்னு பாடறீங்க?

ரெமேதியோஸ்: என் வீடு, என் வாய். "ஆலிவ் மரம் சாய..." எழுந்திருங்க, நேரமாச்சு. உங்ககிட்ட வாயடிச்சு வாயடிச்சு கடலை சுர்ரிபாம்பா ஆயிடப் போகுது.

தாவிலா: கடலை என்ன ஆயிடும்னீங்க?

ரெமேதியோஸ்: குழைஞ்சு போயிடும்னேன்.

தாவிலா: இல்ல. சுர்ரிபாம்பான்னீங்க.

ரெமேதியோஸ்: அதுவும் உப்பளத்து வார்த்தையா? எழுதிக்கிட்டுப் போங்களேன்!

தாவிலா: உப்பளத்து வார்த்தை இல்ல. அது எந்த ஊர் வார்த்தையும் இல்லம்மா. அறுபத்தோரு கிராமம் சுத்திட்டேன், மூணு வருஷம்... இந்த நாட்டுல அதை ஒரே ஒரு வாய்தான் சொல்லுச்சு. எங்க அம்மா வாய். எங்களுக்காகச் சும்மா உண்டாக்கின வார்த்தை. நாங்க சிரிக்கணும்னு.

ரெமேதியோஸ்: ...கதவைத் திறந்து வெச்சிருக்கேன். போயிடுங்க.

தாவிலா: மேல யார் இருக்காங்க?

ரெமேதியோஸ்: கார்டு போலீஸ்காரங்கதானே உங்களை அனுப்பினது? போன மாசம் காட்டுல ஒருத்தனைப் பிடிச்சாங்களே, அதுக்கும் முதல்ல இப்படித்தான் ஒரு ஆள் வந்தான். தேன் வாங்க வந்தவன்னு சொல்லிக்கிட்டு.

தாவிலா: நான் போலீஸ் இல்ல. கத்தியைக் கீழ வைங்கம்மா.

ரெமேதியோஸ்: ஏணிப் பக்கம் ஒரு அடி வெச்சீங்கன்னா, இது கடலைக்காக எடுத்த கத்தி இல்லன்னு தெரிஞ்சுக்குவீங்க.

தாவிலா: வைக்கலை. இதோ, உக்காந்துட்டேன். கையைப் பாருங்க, மேசை மேல இருக்கு... தாவிலா எங்க அம்மா வழிப் பேர். என் பேர் லெயாந்த்ரோ. கிறிஸ்பினோட தம்பி.

ரெமேதியோஸ்: அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.

தாவிலா: உப்பளத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். முப்பத்தாறுல, உள்நாட்டுப் போர் வந்தப்போ, ஆகஸ்ட் மாசம், சிப்பாய்ங்க ஊருக்குள்ள வந்த அன்னைக்கு ஓடினான். எனக்கு அப்போ இருபத்தொரு வயசு. பதினெட்டு வருஷம் ஆச்சும்மா. உயிரோட இருக்கானா இல்லையான்னு வெளிப்படையாக் கேட்டா, கேட்டவனையும் பிடிப்பாங்க, ஒளிச்சு வெச்சவங்களையும் பிடிப்பாங்க. அதனாலதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். எந்த வீட்டுக்குள்ளயும் போய் உக்காரலாம். யாரு எப்படிப் பேசறாங்கன்னு கேக்கலாம். எங்கயாவது ஒரு வீட்டுல எங்க ஊர் வாடை அடிக்காதான்னு...

ரெமேதியோஸ்: நல்லா ஜோடிச்சிருக்கீங்க.

தாவிலா: ஜோடனை இல்ல அண்ணி.

ரெமேதியோஸ்: யாருக்கு யாரு அண்ணி? அந்தத் தம்பி... எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அப்படி ஒரு தம்பியை அன்னைக்கே சுட்டுட்டாங்க.

தாவிலா: பாத்தீங்களா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு! சுடலை. கூட்டிட்டுப் போனாங்க. கிடங்குக்குப் பின்னாடி நிக்க வெச்சாங்க. எனக்கு முன்னாடி நின்ன நாலு பேரைச் சுட்டாங்க. அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டினாங்க. அண்ணன் மலைக்குத்தான் ஓடியிருக்கான், இந்தப் பாதையாப் போயிருக்கான்னு எழுதியிருந்தது.

ரெமேதியோஸ்: நீட்டினாங்க... அப்புறம்?

தாவிலா: கையெழுத்துப் போட்டேன்.

ரெமேதியோஸ்: எந்த மாசம்?

தாவிலா: ஆகஸ்ட் கடைசி. ஏன்?

ரெமேதியோஸ்: செப்டம்பர் நாலாம் தேதி இந்த வீட்டுக்கு வந்தாங்க. எங்க பாதைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு எங்க அப்பா சாகற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்தார். ஆட்டுப்பட்டியில போட்டு அவர் இடுப்பை உடைச்சாங்க. அவர் வாயைத் திறக்கல. ஒன்பது வருஷம் கோல் ஊனிட்டு நடந்தார். அந்த இடுப்பு உங்க கையெழுத்தா?

தாவிலா: எனக்குத் தெரியாது... சத்தியமா இது தெரியாது.

ரெமேதியோஸ்: தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா?

தாவிலா: ...போட்டிருப்பேன். பொய் சொல்ல இவ்வளவு தூரம் வரல. அன்னைக்கு எதைக் கொடுத்தாலும் போட்டிருப்பேன். அண்ணே! கிறிஸ்பின்! கேட்டியா?

ரெமேதியோஸ்: கத்தாதீங்க! பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்!

தாவிலா: அண்ணே, நான்தான் போட்டேன். நீ எந்தப் பக்கம் ஓடினன்னு நான்தான் சொன்னேன். அம்மாகிட்ட கூடச் சொல்லல. அவ போய் ஆறு வருஷமாச்சு... ஒரு வார்த்தை திட்டிடு. கீழ வர வேணாம். அங்கேருந்தே திட்டிடு. போயிடறேன்.

ரெமேதியோஸ்: போதும். மெதுவா. போதும்...

தாவிலா: ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறான். சரிதான். நான் அவனா இருந்தாலும் சொல்ல மாட்டேன். இதோ, உங்க வீட்டுப் பக்கத்தை நோட்டுலேருந்து கிழிச்சுட்டேன். அடுப்புல போட்டுடுங்க. இந்த வீட்டுல வித்தியாசமா ஒண்ணும் கிடைக்கலைன்னு எழுதிக்கறேன். கும்பிட்டுக்கறேம்மா.

ரெமேதியோஸ்: நில்லுங்க.

தாவிலா: பயப்படாதீங்க, யார்கிட்டயும்...

ரெமேதியோஸ்: கதவைச் சாத்துங்க. உள்பக்கமா.

தாவிலா: ...சாத்திட்டேன்.

ரெமேதியோஸ்: நெத்தியைக் காட்டுங்க. தொப்பியை எடுங்க... ஆமா. அதே சுழி. முடி எழுந்து நிக்கறதும் அப்படியே. இதை முதல்லயே பாத்திருந்தா கத்தி எடுத்திருக்க மாட்டேன்.

தாவிலா: அவன் ஏன் பேச மாட்டேங்கறான்?

ரெமேதியோஸ்: காது கேக்காது.

தாவிலா: என்ன?

ரெமேதியோஸ்: பதினோரு வருஷமாச்சு. ரெண்டு காதுலயும் சீழ் வெச்சது. டாக்டரைக் கூப்பிட்டா யாருக்குன்னு கேப்பார்... எண்ணெய் காய்ச்சி ஊத்தினேன், வேற என்ன தெரியும் எனக்கு? வலி போச்சு, காதும் போச்சு. நாற்காலியை இழுத்தா சத்தம் வரும்னுகூட அவருக்கு நெனப்பு இருக்கறதில்ல. நீங்க கத்தினதுல ஒரு வார்த்தை அவருக்குப் போகலை. எல்லாம் எனக்குத்தான் கேட்டுச்சு.

தாவிலா: அப்போ அவனுக்கு... இப்பவும்...

ரெமேதியோஸ்: தனக்குப் பதிலா உங்களைச் சுட்டுட்டாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கார். கிடங்குக்குப் பின்னாடி கொண்டுபோனதைப் பாத்தவன் ஒருத்தன் வழியில சொல்லியிருக்கான். ஆகஸ்ட் வந்தா ஒரு நாள் சாப்பிட மாட்டார். தட்டை அப்படியே இறக்கிக்கிட்டு வருவேன்.

தாவிலா: நான் எழுதிக் காட்டறேன். அவன் படிப்பானே. எல்லாத்தையும் எழுதறேன், கையெழுத்து உள்பட...

ரெமேதியோஸ்: காட்டினா உங்க நெஞ்சு லேசாகும். அவர் நெஞ்சு?

தாவிலா: சொல்லாம அவன் முகத்தை எப்படிப் பாக்கறது?

ரெமேதியோஸ்: கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும். எங்க அப்பா இடுப்பைப் பத்தி உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க, அது வேற கணக்கு. ஆனா அவர் தம்பியைப் பறிகொடுத்தவராவே பதினெட்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழ குனிஞ்சு நடந்துட்டார். ஒரு முழு ஆளையே மறைச்சு வெச்ச எனக்கு ஒரு காகிதத்தை மறைக்கத் தெரியாதா? பென்சிலை மேசையிலயே வெச்சுட்டு, வெறும் கையோட மேல போங்க, கொழுந்தனாரே.